தூர் வாருவது கடைசி வேலை: நீர்த்தேக்கச் சேற்றைச் சமாளிக்க முழுமையான வழிகாட்டி

படகின் ஓரத்தில் குழாயை நிமிர்த்தியதும் அழுகிய முட்டை வாடை மூக்கில் ஏறியது. ஒரு மீட்டர் நீளத்துக்கு, உள்ளே இருப்பது தெரியும்படியான அக்ரிலிக் குழாய். கால்வாய் வந்து விழும் இடத்துக்குப் பக்கத்தில் அடிச்சேற்றில் அதைக் குத்தி இறக்கி, அப்படியே உருவி எடுத்திருந்தோம். மேலே கூழ் மாதிரி ஆடும் சாம்பல் சேறு. அதற்குக் கீழே மைக்கறுப்பு, இடையிடையே பாதி மக்கிய இலைகள். நாற்பது செ.மீ. ஆழத்தில் விரல் தடிமனுக்கு ஆரஞ்சுச் சிவப்பாக ஒரு பட்டை.

"என்ன தம்பி இது, நடுவுல சம்பால் தடவின மாதிரி?" என்றார் படகு ஓட்டிய பெரியவர்.

"மேல எங்கயோ மண்ணத் தோண்டிப்போட்டுட்டுப் போயிருக்காங்க அண்ணே. அன்னிக்கு மழை பெஞ்சிருக்கு."

அந்த விரல் தடிமன் பட்டை ஒரே ஒரு மழைநாளில் வந்ததாக இருக்கலாம். மேலே இருக்கும் நாற்பது செ.மீ. சேற்றுக்குப் பல ஆண்டுகள் பிடித்திருக்கும். எனக்கு இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்தது எந்தப் பாடப்புத்தகத்தையும் விட அந்தக் குழாய்தான்.

நான் சிவகங்கைப் பக்கம் கண்மாய்க்கரையில் வளர்ந்தவன். ஊரில் தண்ணீர் நிற்கவில்லை என்றால் முதலில் வரும் பேச்சு "தூர் வாரணும்" என்பதுதான். சிங்கப்பூர் வந்து கட்டுமானத் தளங்களில் மண் தடுப்பு வேலையில் தொடங்கி, பிறகு நீரடி அளவை வேலைக்கு மாறிய இத்தனை ஆண்டுகளில் என் எண்ணம் தலைகீழாகிவிட்டது. வாருவது கடைசி வேலை. அதற்கு முன்னால் செய்யவேண்டியவை நிறைய இருக்கின்றன, அவற்றைச் செய்யவேண்டிய வரிசையும் ஒன்று இருக்கிறது. அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

நம் ஊர் நிலவரம், சுருக்கமாக

சிங்கப்பூரில் 17 நீர்த்தேக்கங்கள். 1868-இல் முதல் வடிவம் பெற்ற மெக்ரிட்சி மூத்தது. பொங்கோல், சிராங்கூன் இரண்டும் 2011-இல் வந்த கடைக்குட்டிகள். தீவின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. ஆறு, கால்வாய், லோங்காங் (தெருவோர மழைநீர் வடிகால்) எல்லாம் சேர்த்து சுமார் 8,000 கி.மீ. தண்ணீர்ப்பாதை. ஆண்டுக்கு ஏறக்குறைய 2,400 மி.மீ. மழை.

இதன் பொருள் என்னவென்றால், தேக்கா சந்தைக்கு வெளியே லோங்காங்கில் கரைந்து ஓடும் மண்ணும் கடைசியில் குடிநீர்த் தேக்கத்துக்குத்தான் போகிறது. 2008-இல் திறந்த மரீனா அணைக்கட்டு மட்டுமே 10,000 ஹெக்டேர் பரப்பின் தண்ணீரைப் பிடிக்கிறது, அதாவது நாட்டின் ஆறில் ஒரு பங்கு. அதில் பெரும்பகுதி வீடும் சாலையும் கட்டுமானத் தளமுமான நகரப்பகுதி.

இமயமலை ஆறுகளோடோ மஞ்சள் ஆற்றோடோ ஒப்பிட்டால் நமக்கு வரும் வண்டல் தூசு. உயரமான இடமான புக்கிட் தீமாவே 164 மீட்டரை எட்டவில்லை. நிலத்தில் பெரும்பகுதி புல்லோ கான்கிரீட்டோ மூடியிருக்கிறது. ஆனால் நம் தேக்கங்கள் சின்னவை. ஒன்றில் கொள்ளளவு குறைந்தால் மாற்று இடம் தேட நம்மிடம் நிலம் இல்லை. அடிச்சேறு இடத்தை அடைப்பதோடு நிற்பதும் இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

படி 1: மண் எங்கே போய் உட்காருகிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

ஓடும் தண்ணீர் மண்ணைத் தூக்கிவரும், நின்ற தண்ணீர் கீழே போடும். எதை எவ்வளவு நேரத்தில் போடும் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

பத்து மீட்டர் ஆழமுள்ள அசையாத தண்ணீரை எடுத்துக்கொள்வோம். பத்தில் ஒரு மி.மீ. பருமனுள்ள நுண்மணல் இருபது நிமிடத்துக்குள் அடியைத் தொட்டுவிடும். நூறில் ஒரு மி.மீ. பருமனுள்ள வண்டல் துகளுக்கு ஒரு நாளுக்கும் மேல் ஆகும். ஆயிரத்தில் இரண்டு மி.மீ. களிமண் துகளுக்கு ஏறக்குறைய ஒரு மாதம். பருமன் பத்தில் ஒன்றானால் நேரம் நூறு மடங்கு கூடும். இந்த ஒரு விதியை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானே விளங்கும்.

ஆகவே மணலும் பருமண்ணும் ஆறு நுழையும் வாயிலேயே கழிமுகத் திட்டு மாதிரி குவியும். நுண்ணியது உள்ளே போய் அணைச்சுவருக்கு அருகில் ஆழமான இடத்தில் படியும். சேறு எப்போதும் அடியில் பாய் விரித்தாற்போலச் சமமாகப் படியும் என்று நினைத்துக்கொண்டு திட்டம் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அப்படிப் படிவது அபூர்வம். மொத்தக் கொள்ளளவில் பத்து விழுக்காடுகூடக் குறையாத தேக்கத்தில் தண்ணீர் எடுக்கும் வாய் சேற்றில் மூழ்கிக் கிடக்கலாம். "எவ்வளவு?" என்று கேட்பதற்கு முன் "எங்கே?" என்று கேளுங்கள்.

சாதாரணக் கண்ணாடி போத்தலில் இதைப் பார்த்துவிடலாம். மழை விட்ட அரை மணி நேரத்துக்குள், பாதுகாப்பான இடமாகப் பார்த்து, கால்வாய்த் தண்ணீரை ஒரு போத்தல் பிடித்துவந்து சன்னல் ஓரம் வையுங்கள். கைகழுவித் திரும்புவதற்குள் அடியில் ஒரு கோடு மணல். மறுநாள் காலை அதன்மேல் மென்மையான ஒரு படலம். மூன்றாம் நாளும் மேல்தண்ணீர் தே தாரே (பால் தேநீர்) நிறத்திலேயே இருந்தால் அது களிமண். அந்த மண்ணைக் குட்டை வெட்டிப் பிடிக்க முடியாது. முதன்முதலில் இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் தளத்தில் இருந்த ஒரு வங்காளதேசத் தொழிலாளி. பொறியியல் பட்டம் எனக்குத்தான் இருந்தது.

படி 2: அளங்கள், அளவையில் எவ்வளவு பிழை என்பதையும் அளங்கள்

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். ஆற்றிலிருந்து எடுப்பதற்கும் அதுதான்.

இன்று படகில் எதிரொலிமானியும் செயற்கைக்கோள் இடங்காட்டியும் வைத்து அடித்தளத்தின் வரைபடம் எடுப்பது எளிது. இரட்டை அலைவரிசைக் கருவி கிடைத்தால் விடாதீர்கள். 200 கிலோஹெர்ட்ஸ் ஒலி கூழ்ச்சேற்றின் மேற்பரப்பிலேயே பட்டுத் திரும்பிவிடும். 30-ஐ ஒட்டிய தாழ்ந்த அலை சேற்றுக்குள் இறங்கிக் கெட்டித் தரையில் பட்டுத் திரும்பும். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் மென்சேற்றின் தடிமன். ஒரு எச்சரிக்கை: நம் வெப்பத்தில் இலைதழை மக்கி அடிச்சேற்றில் மீத்தேன் குமிழிகள் நிறைந்திருக்கும். குமிழி இருந்தால் தாழ்ந்த அலையும் உள்ளே இறங்காது. திரையில் போலியாக ஒரு கெட்டித்தரை தெரியும். அதை நம்பி அறிக்கை எழுதாதீர்கள். அங்கங்கே குழாய் இறக்கி மாதிரி எடுத்துச் சரிபார்த்தே ஆகவேண்டும்.

இன்னொரு பொறி ஒலியின் வேகம். 30 பாகை வெப்பமுள்ள நன்னீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,509 மீட்டர் போகும். கருவி பெட்டியிலிருந்து வரும்போது 1,500 என்று வைத்திருப்பார்கள். மாற்றாமல் விட்டால் எட்டு மீட்டர் ஆழத்தில் ஐந்து செ.மீ. அளவுக்குத் தப்பு வரும். ஐந்து செ.மீ. என்ன பிரமாதம் என்று கேட்பீர்கள். அடுத்த படியில் பதில் இருக்கிறது. தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டி, தெரிந்த ஆழத்தில் தொங்கவிட்டு, கருவி அதே ஆழத்தைக் காட்டுகிறதா என்று காலையிலும் மாலையிலும் பாருங்கள். பழைய முறைதான். இன்றுவரை அது என்னைக் கைவிட்டதில்லை.

பழைய வரைபடத்தோடு ஒப்பிடும்போது இன்னும் கவனம் வேண்டும். அன்றைக்கு ஈயக்குண்டைக் கயிற்றில் கட்டி ஐம்பது மீட்டருக்கு ஒரு புள்ளி எடுத்திருப்பார்கள். இன்றைக்கு மீட்டருக்குப் பல புள்ளி வருகிறது. இரண்டையும் கழித்தால் வருவதில் பாதி சேறு, பாதி அளவைமுறையின் வித்தியாசம். ஒருமுறை இப்படிக் கழித்துப் பார்த்ததில் சேறு படிந்திருக்கவேண்டிய தேக்கம் ஆழமாகியிருந்தது! மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர் ஒன்றும் சொல்லவில்லை. என் காப்பி ஆறிப்போனது.

மாதிரிக் குழாயில் கிடைத்த சேற்றை உலர்த்தி எடைபோடுவது கட்டாயம். புதுக் களிச்சேற்றின் ஒரு கன மீட்டரில் உலர்ந்த மண் அரை டன்னுக்கும் குறைவாக இருக்கும். மணலானால் ஒன்றரை டன். இந்த எண் கையில் இல்லாமல் வரத்தையும் படிவையும் ஒரே கணக்கில் கொண்டுவர முடியாது.

படி 3: கணக்குப் போடுங்கள்

ஒரு கற்பனைத் தேக்கம். கொள்ளளவு 1 கோடி கன மீட்டர், பரப்பு 125 ஹெக்டேர், சராசரி ஆழம் 8 மீட்டர். ஆண்டுக்கு வரும் தண்ணீர் 2 கோடி கன மீட்டர். அதில் சராசரியாக லிட்டருக்கு 100 மி.கி. மண்.

ஆண்டுக்கு 2,000 டன் மண் உள்ளே வருகிறது. அதில் எவ்வளவு தங்கும்? கொள்ளளவை ஆண்டு வரத்தால் வகுத்து, அந்த விகிதத்துக்கு எத்தனை விழுக்காடு மண் தங்கும் என்று காட்டும் ஒரு வளைகோட்டை 1953-இல் புரூன் என்பவர் வெளியிட்டார். இன்றும் முதற்கணக்குக்கு அதைத்தான் எடுப்போம். இங்கே விகிதம் 0.5, சுமார் 95 விழுக்காடு தங்கும். 1,900 டன். கன மீட்டருக்கு 0.8 டன் என்று வைத்தால் ஏறத்தாழ 2,400 கன மீட்டர். பரப்பில் பரப்பினால் ஆண்டுக்கு இரண்டு மி.மீ.கூட இல்லை.

இப்போது அந்த ஐந்து செ.மீ. பிழையைத் திரும்பப் பாருங்கள். இருபத்தைந்து ஆண்டுச் சேறு அந்தப் பிழைக்குள் அடங்கிவிடுகிறது. இப்படிப்பட்ட தேக்கத்தில் ஆண்டுதோறும் முழு அளவை எடுப்பது காசைத் தண்ணீரில் போடுவது. கால்வாய் வாய்களையும், நீரெடுக்கும் வாயின் முன்பக்கத்தையும் மட்டும் அடிக்கடி பார்த்தால் போதும். முழுத் தேக்கத்துக்குப் பத்தாண்டுக்கு ஒருமுறை. மாறாக வரும் தண்ணீரில் லிட்டருக்கு 3,000 மி.கி. மண் என்றால் எல்லாமே முப்பது மடங்கு. அங்கே ஓராண்டைத் தவறவிட்டாலும் நட்டம். உலகம் முழுவதும் பார்த்தால் தேக்கங்களின் கொள்ளளவில் ஆண்டுக்கு அரை முதல் ஒரு விழுக்காடு வரை வண்டலில் போகிறது என்பது பொதுவான மதிப்பீடு.

சராசரி என்ற சொல்லிலும் ஓர் ஏமாற்று இருக்கிறது. ஆண்டு முழுக்க வரும் மண்ணில் பெரும்பங்கு ஒருசில மழைநாட்களில் வந்து இறங்குகிறது. வடகிழக்குப் பருவத்தின் அடைமழையையும், விடியற்காலையில் சுமத்ராக் காற்றோடு இறங்கும் மழையையும் விட்டுவிட்டு, வசதியாக வெயில் நாளில் போய் மாதிரி எடுத்தால் கணக்கு அழகாக வரும், தப்பாக வரும். தானே மாதிரி எடுக்கும் கருவியைக் கால்வாயில் பொருத்துங்கள். இல்லையென்றால் மழைக்கோட்டு வாங்குங்கள்.

படி 4: மேலேயே மடக்குங்கள்

நான் அதிகம் பேசப்போவது இங்கேதான்.

சிங்கப்பூரில் கட்டுமானத் தளத்திலிருந்து லோங்காங்கில் விடும் தண்ணீரில் லிட்டருக்கு 50 மி.கி.க்கு மேல் மண் இருக்கக்கூடாது என்பது சட்டம். பொதுப் பயனீட்டுக் கழகம் இதைக் கண்காணிக்கிறது. பெரிய தளங்களில் வெளியேறும் வாயில் கேமரா இருக்கும். தண்ணீரின் நிறம் மாறினால் படம் போய்ச் சேர்ந்துவிடும். தளத்தில் மண்ணைத் தடுக்கும் இந்த ஏற்பாடு முழுவதையும் 'இசிஎம்' (Earth Control Measures) என்றே சொல்வோம்.

50 என்ற எண்ணை எடையாக மாற்றிப் பாருங்கள். ஒரு ஹெக்டேர் திறந்த மண். பிற்பகலில் 50 மி.மீ. மழை. அத்தனையும் ஓடிவந்தால் 500 கன மீட்டர். சட்டப்படி சுத்தம் செய்து விட்டால் போகும் மண் 25 கிலோ, அரை மூட்டை சிமெண்ட்டின் எடை. தடுப்பு ஒன்றும் இல்லாமல் லிட்டருக்கு 5,000 மி.கி. கலங்கலாக ஓடினால் 2,500 கிலோ. ஒரே பிற்பகலில் நூறு மடங்கு.

ஒரு வெள்ளிக்கிழமை அப்படித்தான் நடந்தது. எந்த நிறுவனம் என்பது இங்கே வேண்டாம். தளத்தைச் சுற்றிக் கான்கிரீட் வாய்க்கால், சேற்றுத்தண்ணீர் சேரும் தொட்டி, சுத்திகரிப்பு இயந்திரம் எல்லாம் முறைப்படி இருந்தன. காலையில் குழாய் ஒன்றைப் பதிக்க எக்ஸ்கவேட்டர்காரர் வாய்க்கால் கரையை ஒரு முழ அகலத்துக்கு வெட்டினார். மதியம் மூடிவிடலாம் என்று மேற்பார்வையாளர் சொன்னார். நானும் தலையாட்டினேன். மூன்று மணிக்கு வானம் இருண்டது. மூன்றே காலுக்கு அந்த ஒரு முழ இடைவெளி வழியாக ஆரஞ்சுத் தண்ணீர் லோங்காங்கில் கொட்டிக்கொண்டிருந்தது, சுத்திகரிப்பு இயந்திரமோ பக்கத்தில் வேலையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. நாலு மணல் மூட்டை அடுக்கியிருந்தால் போதும். அபராதம் வந்தது, திட்டு வந்தது, அது கிடக்கட்டும். அந்த மண் திரும்பி வரவில்லை. எங்கோ ஒரு தேக்கத்தின் அடியில் இன்றைக்கும் அது விரல் தடிமனுக்குப் பட்டையாகக் கிடக்கும்.

தளத்தில் இருப்பவர்களுக்கு, முக்கியத்துவ வரிசையில் சொல்கிறேன். முதலாவது, மண்ணைத் திறந்து போடாதீர்கள்; இன்று தேவையான பரப்பை மட்டும் திறங்கள், மற்றதைப் புல்லாலோ பாயாலோ, குறைந்தது கான்வாஸாலோ மூடுங்கள். மழைத்துளி மண்ணில் நேராக விழாமல் இருந்தாலே பாதிப் பிரச்சினை இல்லை. இரண்டாவது, வெளியிலிருந்து வரும் நல்ல தண்ணீரைத் தளத்துக்குள் விடாமல் சுற்றி அனுப்புங்கள். மூன்றாவதாகத்தான் சில்ட் ஃபென்ஸும் (மண்ணைத் தடுக்கும் துணிவேலி) தொட்டியும் இயந்திரமும். நடைமுறையில் எல்லோரும் மூன்றாவதிலிருந்து தொடங்குகிறார்கள், ஏனென்றால் அதைத்தான் படம் பிடித்து அறிக்கையில் ஒட்டலாம். நம் களிமண் தானாகப் படியாது என்று போத்தலில் பார்த்தோம் அல்லவா? அதனால் தொட்டியில் படிகாரம் போன்ற திரட்டும் பொருளைச் சேர்த்தால்தான் இயந்திரம் வேலைசெய்யும். அளவு கூடினாலும் கெடும். அன்றன்றைக்குத் தண்ணீரைக் குவளையில் எடுத்துச் சோதித்துப் பாருங்கள்.

ஆற்றுக்கரை அரிப்பு இன்னொரு மூலம். 2012-இல் பீஷான் - அங் மோ கியோ பூங்காவில் 2.7 கி.மீ. நேர்க் கான்கிரீட் கால்வாயை உடைத்து 3.2 கி.மீ. வளைந்தோடும் காலாங் ஆறாக மாற்றினார்கள். கரையைச் செடிவேரும் கல்லும் பிடித்துக்கொள்கின்றன. ஆறு நெளிந்தால் ஓட்டம் நிதானமாகும்; நிதானமானால் மண்ணை வழியிலேயே போடும். மழைத்தோட்டம், புல்வாய்க்கால் என்று குடியிருப்புப் பேட்டைகளில் வைப்பதற்கும் காரணம் இதுவே.

படி 5: வாசலில் ஒரு குட்டை

கால்வாய் தேக்கத்தில் நுழையும் இடத்துக்கு முன் சிறு படிவுக்குட்டை கட்டினால் மணலும் குப்பையும் அங்கேயே நின்றுவிடும். களிமண் நிற்காது. குட்டை கட்டும்போது மறப்பது ஒன்றே ஒன்று: லாரி இறங்க வழி. சரிவுப்பாதை இல்லாத குட்டையை யாரும் சுத்தம் செய்வதில்லை. நிறைந்த குட்டை அடுத்த பெருமழையில் பிடித்ததையெல்லாம் உள்ளே தள்ளிவிடும்.

படி 6: வந்ததற்கு வழிவிடுங்கள்

மேலே எவ்வளவு மடக்கினாலும் கொஞ்சம் வரும். மலைநாட்டு அணைகளில் நிறையவே வரும். அதை உள்ளே தங்கவிடாமல் அனுப்பிவிடுவது பழைய யோசனை, அதுவும் நம் யோசனை.

எங்கள் ஊர்க் கண்மாய்களில் குமிழித் தூம்பு என்று ஒன்று உண்டு. பாண்டியர் காலத்திலிருந்தே கல்வெட்டுகளில் தூம்பு வருகிறது. கரைக்கு உள்ளே, தண்ணீருக்குள் நிற்கும் கற்பெட்டி அது. அதில் மேலே ஒரு துளை, நீரோடி. தரைமட்டத்தில் சிறு துளைகள், சேறோடி. மூடிக்கல்லைத் தூக்கினால் மேல்துளை வழியே தண்ணீரும், கீழ்த்துளை வழியே சேறும் சேர்ந்து கரைக்கு அடியில் உள்ள சுருங்கை வழியாக வயலுக்குப் போகும். கண்மாய்க்கு அது கழிவு, வயலுக்கு வண்டல். சிறுவயதில் அந்தக் கற்பெட்டியின் மேல் ஏறித் தண்ணீரில் குதித்திருக்கிறேன். என்ன சாமான் அது என்று தெரிய முப்பது வயதானது.

பெரிய அணைகளில் இதே யோசனை நாலு விதமாக வருகிறது.

கலங்கல் வரும்போது மதகைத் திறந்து வைத்து, தெளிந்த பிறகு மூடித் தேக்குவது ஒன்று. மஞ்சள் ஆற்றில் 1960-இல் முடிந்த சான்மென்சியா அணை, வண்டலைப் போதிய அளவு கணக்கில் எடுக்காமல் கட்டப்பட்டது. சில ஆண்டுகளிலேயே சேறு ஏறி, மேலே உள்ள ஊர்களுக்கு வெள்ள அபாயம் வந்தது. அணையின் அடியில் புதிதாக வாய்கள் திறந்து, 1973 முதல் 'தெளிந்ததைத் தேக்கு, கலங்கியதை விடு' என்ற முறைக்கு மாறிய பிறகே அணை தப்பியது. ஆனால் கொள்ளளவின் ஒரு பங்கைத் துறந்துதான் அந்த நிலைக்கு வந்தார்கள்.

அணைக்கு மேலேயே சுரங்கம் வெட்டி, வெள்ளச்சேற்றைச் சுற்றிக் கீழே விடுவது இரண்டாவது. ஜப்பானின் கோபே நகரில் நுனோபிக்கி அணைக்கு 1908-இலேயே இதைச் செய்தார்கள். செலவு அதிகம், ஆயுளும் அதிகம். கல்லும் மணலும் உரசிச் சுரங்கத்தரை தேயும். அந்தப் பராமரிப்புச் செலவையும் சேர்த்துப் பாருங்கள்.

மூன்றாவது, அடியோட்டத்தை வெளியேற்றுவது. கனத்த சேற்றுத்தண்ணீர் சிலநேரம் தெளிந்த தண்ணீரோடு கலக்காமல் அடியில் பாம்பு மாதிரி ஊர்ந்து அணைச்சுவர் வரை வந்துசேரும். அது வந்துசேரும் நேரம் தெரிந்து அடிமதகைத் திறந்தால், மேலே உள்ள நல்ல தண்ணீர் அவ்வளவாகக் குறையாமல் சேறு மட்டும் போகும். தைவானில் 2009-இல் மோராக்கொட் சூறாவளி செங்வென் அணைக்குள் சுமார் 9 கோடி கன மீட்டர் மண்ணைக் கொண்டுவந்து கொட்டியது. அதன் பிறகு அங்கே, தண்ணீரை வடிக்காமலேயே சேற்றை உறிஞ்சி விட யானைத்தும்பிக்கை மாதிரி பெருங்குழாய் வைத்த சுரங்கம் கட்டினார்கள்.

தேக்கத்தையே வடித்து, ஆற்றை அதன் பழைய பள்ளத்தில் ஓடவிட்டு, படிந்ததை அரித்துக் கொண்டுபோக வைப்பது நாலாவது. கொள்ளளவு ஆண்டு வரத்தில் நூற்றுக்கு நாலைத் தாண்டினால் இது பெரும்பாலும் பலிக்காது. வடித்த தேக்கத்தைத் திரும்ப நிரப்பத் தண்ணீர் இருக்காது. கீழே இருப்பவர்களையும் யோசிக்க வேண்டும். ஜப்பானின் குரோபே ஆற்றில் தாஷிதைரா அணையை 1991 திசம்பரில் முதன்முறை இப்படிக் கழுவியபோது, ஆண்டுக்கணக்கில் மக்கிய கருஞ்சேறு தோயாமா வளைகுடா வரை போனது. மீனவர்கள் கொதித்தார்கள். இப்போது அதே ஆற்றில் வெள்ளக்காலத்தில், தண்ணீர் நிறைய ஓடும்போது, அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறை விட்டால் மண். பத்தாண்டு வைத்திருந்து விட்டால் நஞ்சு.

சிங்கப்பூரில் இந்த நாலில் எதுவும் அப்படியே பொருந்தாது. கழிமுகத் தேக்கங்களுக்கு வெளியே கடல். மரீனாவில் கடல் தாழ்ந்திருக்கும்போது ஒன்பது மதகுகள் திறக்கும். ஏறியிருக்கும்போது ஏழு பெரும் பம்புகள் வெள்ளத்தை இறைக்கும். இரண்டு பக்கமும் மட்டம் அதிகம் வித்தியாசப்படாத இடத்தில் சேற்றை அரித்துத் தள்ளும் வேகம் வராது. குடிநீரை வடித்துக் கொட்டவும் மனம் வராது. நமக்கு மிஞ்சுவது படி 4-உம் படி 7-உம்தான். அதனால்தான் படி 4-இல் அவ்வளவு நேரம் நின்றேன்.

படி 7: இனி வாருங்கள்

வாருவதற்கு முன் ஒரு கேள்வி: எதற்காக வாருகிறோம்? கொள்ளளவுக்காகவா, நீரெடுக்கும் வாயைக் காப்பாற்றவா, தண்ணீரின் தரத்துக்காகவா? பதிலைப் பொறுத்து இடமும் ஆழமும் மாறும். பெரும்பாலும் முழுத் தேக்கத்தையும் வாரத் தேவை இருக்காது. கால்வாய் வாயில் மணல்திட்டை எடுத்தாலே போதும்.

தரத்தின் கதை தனி. இலைதழையோடு படிந்த சேறு ஆக்சிசனைக் குடித்துவிடும். அடித்தண்ணீரில் ஆக்சிசன் தீர்ந்ததும், இரும்போடு ஒட்டிக் கிடந்த பாஸ்பரஸ் அவிழ்ந்து மேலே வரும், பாசி பெருகும், பாசி செத்து மறுபடி அடியில் விழும். மேலேயிருந்து ஒரு சொட்டு அழுக்கு வராவிட்டாலும் இந்தச் சக்கரம் சுற்றும். சில இடங்களில் சேற்றை எடுப்பதைவிட, அடித்தண்ணீரைக் கலக்கிக் காற்றூட்டுவது மலிவு. தவறாக வாரினாலோ, புதைந்து கிடந்ததைக் கிளறிவிட்ட கதையாகும். உலோகங்கள், எண்ணெய்க் கசடு இருக்கிறதா என்று குழாய் மாதிரியின் ஒவ்வோர் அடுக்கையும் ஆய்வகத்துக்கு அனுப்பாமல் இயந்திரத்தை இறக்காதீர்கள்.

இயந்திரம் இரண்டு வகை. மிதவையில் நிற்கும் நீளக்கை எக்ஸ்கவேட்டரோ கவ்வியோ சேற்றைக் கெட்டியாக அள்ளும். மெதுவாக நடக்கும், கலங்கும். வெட்டி உறிஞ்சும் இயந்திரம் குழாய் வழியாக இறைக்கும். வேகம், ஆனால் தண்ணீரையும் சேர்த்து இறைக்கும். கணக்கைப் பாருங்கள். கன மீட்டருக்கு அரை டன் உலர்மண் உள்ள மென்சேறு. எடையில் பத்து விழுக்காடு மண் உள்ள குழம்பாக இறைத்தால் அந்த ஒரு கன மீட்டர் கரையில் ஏறத்தாழ ஐந்து கன மீட்டராக வந்து இறங்கும். அந்த ஐந்தையும் வைக்க இடம் எங்கே? சேற்றைத் துணிக்குழாய்ப் பைகளில் நிரப்பித் தண்ணீரை வடியவிடுவது நம் இடநெருக்கடிக்குத் தோதானது. வடியும் தண்ணீரும் தெளிந்துதான் தேக்கத்துக்குத் திரும்பவேண்டும். வேலை நடக்கும் இடத்தைச் சுற்றிக் கலங்கல்திரை கட்டுங்கள். நீரெடுக்கும் வாய்க்கு அருகில் என்றால் எடுப்பை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள்.

படி 8: எடுத்த சேறு எங்கே போகும்?

இதை முதலிலேயே முடிவு செய்யாததால் நடுவழியில் நின்ற வேலைகள் உண்டு. தமிழ்நாட்டில் வண்டலை விவசாயி வண்டி கட்டி வந்து வாங்கிப் போவார். 2017-இல் குடிமராமத்து மறுபடி தொடங்கியபோது கண்மாய் வண்டலுக்குப் போட்டியே இருந்தது. இங்கே வயல் இல்லை. மணல் சுத்தமாக இருந்தால் கட்டுமானத்துக்கு உதவும். களிச்சேறு நிலநிரப்புக்குப் போகலாம், அதுவும் சோதனையில் தேறினால். தேறாததற்குச் சுத்திகரிப்பு, பிறகு குப்பைக்கிடங்கு, ஒவ்வொரு டன்னுக்கும் காசு. லாரிக் கணக்கைக் கடைசியில் வைக்காமல் ஒப்பந்தப்புள்ளியின் முதல் பக்கத்தில் வையுங்கள். சேற்றைக் கன மீட்டரில் பேசுகிறார்களா டன்னில் பேசுகிறார்களா, ஈரமாகவா உலர்ந்தா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இந்த ஒரு வரி இல்லாமல் மாதக்கணக்கில் சண்டை போட்ட இரண்டு தரப்புக்கும் நடுவே நான் உட்கார்ந்திருக்கிறேன்.

படி 9: மறுபடி அதே கோட்டில்

வாரி முடித்த வாரமே அளவை எடுங்கள். அதுதான் இனி வரும் எல்லா அளவைக்கும் அடிக்கோடு. அதே கோடுகள், அதே மட்டக்குறி, முடிந்தால் அதே கருவி, ஆண்டின் அதே பருவம். கருவியில் ஒலிவேகம் என்ன வைத்தீர்கள் என்பதைக்கூடத் தாளில் எழுதிக் கோப்பில் வையுங்கள். பத்தாண்டு கழித்து அதைத் திறக்கப்போகிறவர் உங்களைத் தொலைபேசியில் பிடிக்க முடியாமல் போகலாம்.

குழாய் மாதிரி எடுத்த அதே இடத்தில் இன்னொரு குழாய் இறக்குங்கள். அந்தப் பெரியவரோடு மூன்று ஆண்டு கழித்து மறுபடி அதே கால்வாய் வாய்க்குப் போனேன். குழாயை நிமிர்த்தியதும் அவர்தான் முதலில் குனிந்து பார்த்தார். சாம்பல், கறுப்பு, இலை.

"புதுச் சம்பால் ஒண்ணும் இல்ல தம்பி," என்றார்.

தேதியைக் குழாயின்மேல் எழுதி மூடியைப் போட்டேன்.